மாடி டிபிக்குக் கீழே எத்தனை ஆம்பியர் எம்சிபி?

கேள்வி: கீழ்வீடு கட்டிப் பதினைந்து வருடம் ஆகிறது. மூன்று ஃபேஸ் சர்வீஸ். மீட்டருக்கு அடுத்து 40 ஆம்பியர் நான்கு போல் எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் நான்கு ஒயரையும் ஒன்றாகத் துண்டித்து விழும் சுவிட்ச்), அதன்பின் மூன்று ஃபேஸ் செலக்டர் (ஒரு ஃபேஸ் போனால் வேறு ஃபேஸுக்குத் திருப்பும் குமிழ்கள்), பிறகு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் விழும் சுவிட்ச்), கீழ் டிபி (சர்க்யூட்டுகளைப் பிரிக்கும் பெட்டி) என்று இருக்கிறது. இப்போது மாடியில் இரண்டு படுக்கையறை, ஹால், சின்னச் சமையலறை எடுத்திருக்கிறோம். மகன் குடும்பம் குடிவரப் போகிறது. மேலே 1.5 டன் ஏசி இரண்டு, கீசர் இரண்டு, இண்டக்‌ஷன் அடுப்பு, சுடுநீர் ஹீட்டர் உள்ள வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் வரும். கீழ் போர்டிலிருந்து மேல் டிபி வரை பைப் ஓடும் வழியில் அளந்தால் 22 மீட்டர். எலக்ட்ரீஷியன், 'ஒரு ஃபேஸ் எடுத்து 6 ஸ்கொயர் (6 சதுர மிமீ) ஒயரில் மேலே கொண்டுபோய், மேல் டிபியில் 63 ஆம்பியர் எம்சிபி போட்டுவிடலாம். 32 போட்டால் அடிக்கடி விழும்' என்கிறார். அக்கா மகன் 32க்கு மேல் போகவே கூடாது என்கிறான். யார் சொல்வது சரி? மேலே தனியாக ஆர்சிசிபி வேண்டுமா?
— ஒரு வாசகர், மதுரை மாவட்டம்

பதில்: முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கு 63ம் வேண்டாம், 32ம் வேண்டாம். மூன்று ஃபேஸையும் மேலே கொண்டுபோங்கள். 6 ஸ்கொயர் செம்பு ஒயரே போதும். அந்த ஒயர் புறப்படும் இடத்தில், அதாவது கீழே, 25 ஆம்பியர் நான்கு போல் எம்சிபி போடுங்கள். மேல் டிபியில் கிளை எம்சிபிகளுக்கு முன் ஐசொலேட்டரும் (கையால் மட்டும் துண்டிக்கும் சுவிட்ச்) ஆர்சிசிபியும் இருந்தால் போதும்.

எலக்ட்ரீஷியனுக்கு 63 எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கஷ்டமில்லை. உங்கள் பட்டியலைக் கூட்டிப் பாருங்கள். ஏசி இரண்டும் தலா 1.7 கிலோவாட் என்று வைத்தால் 3.4. கீசர் தலா 2, ஆக 4. இண்டக்‌ஷன் 2. வாஷிங் மெஷின் ஹீட்டரோடு 2. அயர்ன் பாக்ஸ் 1. மிக்ஸி 0.75. ஃப்ரிட்ஜ் 0.2. லைட், ஃபேன், டிவி எல்லாம் சேர்த்து 0.8. மொத்தம் 14.15 கிலோவாட். 230 வோல்ட்டால் வகுத்தால் 61.5 ஆம்பியர். அடுத்துக் கிடைக்கும் எம்சிபி 63. கணக்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. அந்த 63 எந்த ஒயரின் தலையில் உட்காரப் போகிறது என்பதைத்தான் அவர் பார்க்கவில்லை.

எம்சிபி காவல் காப்பது ஏசிக்கும் கீசருக்கும் அல்ல, சுவருக்குள் போகும் ஒயருக்கு. அதனால் அதன் எண் இரண்டு எண்களுக்கு நடுவில் விழ வேண்டும். ஒரே நேரத்தில் உண்மையில் ஓடக்கூடிய லோடைவிடக் குறையக்கூடாது. ஒயர் தாங்கும் ஆம்பியரைவிடக் கூடக்கூடாது. இந்த இடைவெளியில் எந்த எம்சிபியும் பொருந்தவில்லை என்றால் ஒயரைப் பெரிதாக்க வேண்டும், அல்லது லோடைப் பிரிக்க வேண்டும். எம்சிபியை மட்டும் பெரிதாக்குவது இதில் எந்தக் கட்டத்திலும் வராது.

சரி, 6 ஸ்கொயர் எவ்வளவு தாங்கும்? கடையில் கேட்டால் ஒரு எண் சொல்வார்கள், ஒயர் பெட்டியில் வேறு எண் இருக்கும். பிவிசி இன்சுலேஷன் உள்ள செம்பு ஒயர், சுவரில் பதித்த பைப்புக்குள், சுற்றுச்சூழல் 30 டிகிரி, பைப்பில் வேறு சர்க்யூட் இல்லை, சிங்கிள் ஃபேஸ் என்றால் 41 ஆம்பியர். நம் ஊர்ச் சுவருக்கு 30 டிகிரி என்பது மார்கழிக் கணக்கு. 40 டிகிரிக்கு 0.87ஆல் பெருக்க வேண்டும். 41 என்பது 35.7 ஆகிவிடும். மேற்கு வெயில் விழும் சுவரில் 45 டிகிரி என்று எடுத்தால் பெருக்கும் எண் 0.79, ஒயர் 32.4தான் தாங்கும். அதே பைப்பில் இன்னொரு சர்க்யூட்டையும் சேர்த்து இழுத்தால், அதற்கு மேலும் 0.8ஆல் பெருக்க வேண்டும். 40 டிகிரிக்கே 28.5க்கு இறங்கிவிடும். 'பைப்பில் இடம் இருக்கிறதே, பம்ப் ஒயரையும் இதிலேயே விட்டுவிடலாம்' என்று யாராவது சொன்னால், அது பைப்பில் உள்ள இடத்தைப் பற்றிய பேச்சு மட்டுமே என்று புரிந்துகொள்ளுங்கள்.

35.7 தாங்கும் ஒயருக்கு 63 எம்சிபி போட்டால் என்ன ஆகும்? எம்சிபி 63 ஆம்பியரைத் தாண்டியதும் டக்கென்று விழுந்துவிடும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. வீட்டு எம்சிபிக்கான தரத்தின்படி, தன் எண்ணைப்போல் 1.13 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரம் வரை அது விழவே கூடாது. 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். அவ்வளவுதான் உத்தரவாதம். அதாவது 63 எம்சிபி வழியாக 71 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினாலும் அது சும்மா இருக்கும், அதில் குறை சொல்லவும் முடியாது. 6 ஸ்கொயர் ஒயருக்கு 71 என்பது தாங்கும் அளவைப்போல் இரண்டு மடங்கு. சூடு மின்னோட்டத்தின் வர்க்கமாக ஏறும் என்பதால் நான்கு மடங்குச் சூடு. 70 டிகிரிக்கு என்று செய்த பிவிசி முதலில் இளகும், பிறகு காய்ந்து மொறுமொறுவென்று ஆகும், வளைவுகளில் வெடிக்கும். வெளியே தெரியும் அடையாளம், டிபி மூடியைத் திறந்தால் வரும் பிளாஸ்டிக் கருகல் வாசனையும், டெர்மினல் பக்கத்தில் சிவப்பு ஒயர் பழுப்பாக மாறியிருப்பதும்தான்.

அந்த யோசனையில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. எம்சிபியை மேல் டிபியில் போடலாம் என்கிறார். ஓவர்லோடு ஆனால் மேலே உள்ளது பார்த்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் கீழிருந்து மேலே போகும் 22 மீட்டரில் நடுவே எங்காவது ஆணி அடித்தோ, எலி கடித்தோ ஷார்ட் ஆனால், மேலே உள்ள எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. மின்சாரம் அதன் வழியாகப் போகவில்லையே. அந்த ஒயருக்குக் காவல், கீழே உள்ள 40 ஆம்பியர் மெயின் மட்டும்தான். ஒயர் மெலிகிற இடம் எதுவோ அந்த இடத்தில் எம்சிபி இருக்க வேண்டும். 10 ஸ்கொயரில் வருகிற மெயினிலிருந்து 6 ஸ்கொயர் கிளை பிரிந்தால், பிரிகிற முனையில்தான் அதன் இடம்.

அக்கா மகன் சொன்ன 32, ஒயரின் பக்கம் நின்று பார்த்தால் சரி. தனிப் பைப்பில் போகும் 6 ஸ்கொயருக்கு, சிங்கிள் ஃபேஸில் 32தான் எல்லை. ஆனால் 'அடிக்கடி விழும்' என்று எலக்ட்ரீஷியன் பயப்படுவதும் நியாயம்தான். காலை ஆறரை மணியை நினைத்துப் பாருங்கள். இரண்டு குளியலறையிலும் கீசர் 4 கிலோவாட், அடுப்பு 2, இன்னும் அணைக்காத ஒரு ஏசி 1.7, மிக்ஸி 0.75, ஃப்ரிட்ஜ், லைட், ஃபேன் எல்லாம் சேர்ந்து 0.7. மொத்தம் 9.15 கிலோவாட், ஏறத்தாழ 40 ஆம்பியர். 32 எம்சிபிக்கு இது 1.25 மடங்கு. விழலாம், விழாமலும் போகலாம். 15 லிட்டர் கீசர் தண்ணீரை 27லிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 17 நிமிடம் ஆகும், அதற்குள் தப்பித்துவிடும் நாட்களும் உண்டு. அந்த நேரம் பார்த்து வாஷிங் மெஷினையும் ஓடவிட்டால் 48 ஆம்பியரைத் தாண்டும், பெரும்பாலும் விழும். சித்திரை மாதத்தில் டிபி பெட்டியே வெந்துகொண்டிருக்கும்போது இன்னும் சீக்கிரம் விழும். எம்சிபியின் எண் 30 டிகிரிக்கு அளவுபடுத்தியது.

அப்படியானால் சிங்கிள் ஃபேஸிலேயே 10 ஸ்கொயர் ஒயரும் 40 எம்சிபியும் போட்டால் என்ன? ஒயர் கணக்கு சரியாகவே வரும். 10 ஸ்கொயர் 57 ஆம்பியர், 40 டிகிரியில் 49.6, 45 டிகிரியில் 45. வோல்டேஜ் இறக்கமும் பிரச்சினை இல்லை: 40 ஆம்பியர், 22 மீட்டர், ஓர் ஆம்பியருக்கு மீட்டருக்கு 4.4 மில்லி வோல்ட் என்று பெருக்கினால் 3.9 வோல்ட், 2 சதவீதத்துக்கும் கீழே. இடிப்பது உங்கள் மெயின். அது ஒரு ஃபேஸுக்கு 40 ஆம்பியர்தான் தரும். மூன்று ஃபேஸையும் ஆர், ஒய், பி என்று சொல்வார்கள். மாடி முழுவதையும் ஆர் ஃபேஸில் தொங்கவிட்டால், கீழ்வீட்டில் ஆர் ஃபேஸில் உள்ள லோடும் அதோடு சேரும். காலையில் மாடி மட்டுமே 40 எடுக்கிறது. அப்போது விழப்போவது மாடி எம்சிபி அல்ல, மெயின். நான்கு போலும் ஒன்றாக இறங்கி இரண்டு தளமும் இருட்டாகும். அந்த நேரத்தில் ஒய்யும் பியும் ஏறக்குறைய சும்மா கிடக்கும்.

மூன்று ஃபேஸாகப் பிரித்தால் இதே 14.15 கிலோவாட் எப்படி அடங்குகிறது பாருங்கள். ஆர் ஃபேஸில் இண்டக்‌ஷன், ஒரு ஏசி, மிக்ஸி, ஃப்ரிட்ஜ்: 4.65 கிலோவாட், 20.2 ஆம்பியர். ஒய் ஃபேஸில் ஒரு கீசர், இன்னொரு ஏசி, அயர்ன் பாக்ஸ்: 4.7, 20.4 ஆம்பியர். பி ஃபேஸில் இரண்டாவது கீசர், வாஷிங் மெஷின், லைட், ஃபேன், டிவி: 4.8, 20.9 ஆம்பியர். வீட்டில் உள்ள அத்தனையையும் ஒரே நேரத்தில் போட்டாலும் எந்த ஃபேஸும் 21ஐத் தாண்டாது. சேர்ந்து ஓடுமா ஓடாதா என்று ஊகம் செய்யவே தேவையில்லை.

மூன்று ஃபேஸில் மூன்று ஒயர்கள் சூடாவதால் 6 ஸ்கொயர் தாங்குவது 36 ஆம்பியர். 40 டிகிரியில் 31.3, 45 டிகிரியில் 28.4. லோடு 21, ஒயர் 28லிருந்து 31. நடுவில் கச்சிதமாக 25. இங்கே 32 எம்சிபி ஒயரின் எல்லையைத் தாண்டிவிடுகிறது என்பதையும் கவனியுங்கள். சிங்கிள் ஃபேஸில் செல்லுபடியான அதே 32, அதே ஒயரில், இங்கே செல்லாது. 4 ஸ்கொயரில் முடித்துவிடலாமா என்றால், அது 40 டிகிரியில் 24.4. நூலிழையில் போதாது. பின்னால் மாடியில் இன்னொரு ஏசியும் அறையும் வரும் என்று இப்போதே தெரிந்தால் 10 ஸ்கொயர் இழுத்துவிடுங்கள், அப்போது 32 போடலாம். சுவரை இரண்டாம் முறை வெட்டும் கூலி, ஒயரில் இப்போது கூடும் காசைவிட அதிகம்.

இனி ஃபேஸ் செலக்டர். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான்.

மூன்று ஃபேஸ் ஓடும்போது நியூட்ரலில் பெரிதாக ஒன்றும் ஓடாது. மூன்றும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். சமமில்லாத மிச்சம் மட்டும் திரும்பி வரும். அதனால்தான் நான்காவதாக ஒரே ஒரு நியூட்ரல் ஒயர் போதுமாகிறது. இரண்டு ஃபேஸ் போய்விட்ட இரவில் செலக்டர் குமிழ்கள் மூன்றையும் ஆர் பக்கம் திருப்புகிறீர்கள். மேலே போகிற மூன்று ஒயரிலும் இப்போது ஒரே ஃபேஸ். கழிவது நின்று, கூட்டல் ஆரம்பிக்கிறது. ஒவ்வொன்றிலும் 15 ஆம்பியர் ஓடினால், எம்சிபியின் மூன்று போலும் 'நிம்மதியாக இருக்கிறோம்' என்று உட்கார்ந்திருக்கும். நியூட்ரலில் 45 ஓடும். 6 ஸ்கொயர் நியூட்ரல் 45 தாங்காது. மெயினும் உதவாது, 40 மெயினுக்கு 45 என்பது 1.13 மடங்குக்குள்தான்.

இதனால்தான் வெறும் 'மூணு ஃபேஸ் எம்சிபி' என்று கேட்டு வாங்கக்கூடாது. கடையில் டிபிஎன் (TPN) என்றும் எஃப்பி (FP) என்றும் இரண்டு வகை இருக்கும். இரண்டும் நான்கு மாடுல் அகலம், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். டிபிஎன்னில் நியூட்ரல் போல் வெறும் சுவிட்ச். மற்ற மூன்றும் விழுந்தால் கூடவே திறக்கும், தானாக எதையும் உணராது. எஃப்பியில் நான்கு போலிலும் டிரிப் உறுப்பு உண்டு. முகப்பில் ஒரு சின்னக் கோட்டுப்படம் அச்சடித்திருப்பார்கள். நான்கு கோடுகளிலும் வளைவும் கட்டமும் இருந்தால் எஃப்பி. ஒரு கோடு மட்டும் வழுவழுவென்று நேராக இறங்கினால் டிபிஎன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடையிலேயே பாருங்கள். எஃப்பி 25 போட்டால், செலக்டரைத் திருப்பிய இரவிலும் நியூட்ரலில் 25ஐ வெகுவாகத் தாண்டி நீடிக்க விடாது. அன்று மாடிக்கு மொத்தமாகவே 5.7 கிலோவாட்தான் கிடைக்கும். இரண்டு ஏசியும் ஓடலாம். கீசர் இரண்டையும் கூடவே போட்டால் விழக்கூடும், விழவும் வேண்டும். செலக்டர் பக்கத்தில் இதை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவையுங்கள்.

அதே முகப்பில் மற்ற எழுத்துகளையும் படித்துவிடுங்கள். சி25 என்று இருக்க வேண்டும். சி என்றால் 5 முதல் 10 மடங்கு மின்னோட்டத்தில் உடனே விழும் வகை. ஏசி கம்ப்ரசர் கிளம்பும் இழுப்புக்கு விழாது. செவ்வகக் கட்டத்துக்குள் 10000 என்று இருக்கும். 10 கிலோ ஆம்பியர் ஷார்ட்டைத் துண்டிக்கும் திறன் அது. ஐஎஸ்ஐ முத்திரை கண்டிப்பாக இருக்க வேண்டும்.

ஆர்சிசிபி வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டும், அதற்குக் காரணம் 25 எம்சிபியே. ஈபி நமக்குத் தருவது ஃபேஸும் நியூட்ரலும்; எர்த் நம் தோட்டத்துக் குழியில் இருக்கிறது. கீசர் எலிமென்ட் ஓட்டையாகி பாடியில் ஃபேஸ் ஏறினால், மின்சாரம் எர்த் ஒயர் வழியாகக் குழிக்குப் போய், மண் வழியாக டிரான்ஸ்ஃபார்மர் எர்த்துக்குத் திரும்ப வேண்டும். குழி 5 ஓம், அந்தப் பக்கம் 2 ஓம் என்று வைத்தாலும் ஓடுவது 33 ஆம்பியர். சி25 உடனே விழ 125க்கு மேல் வேண்டும். 33ஐ அது கண்டுகொள்ள நேரமாகும். அதற்குள் குழாயைத் தொடுகிறவர் கதி என்ன? ஆர்சிசிபிக்கு 30 மில்லி ஆம்பியர் போதும். அதே சமயம் ஆர்சிசிபிக்கு ஓவர்லோடு தெரியாது. ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

மேலே ஒரே நான்கு போல் ஆர்சிசிபி போடலாம். ஆனால் வாஷிங் மெஷினில் ஈரம் கசிந்தால் மாடி முழுக்க அணையும். கொஞ்சம் கூடச் செலவானாலும், ஃபேஸுக்கு ஒன்றாக, இரண்டு போல் ஆர்சிசிபி மூன்று போடும் வகை டிபி வாங்குவதே என் சிபாரிசு. கடையில் பிபிஐ (PPI) டிபி என்று கேளுங்கள். உள்ளே நுழையும் இடத்தில் 40 ஆம்பியர் நான்கு போல் ஐசொலேட்டர், பிறகு 40 ஆம்பியர் 30 மில்லி ஆர்சிசிபி மூன்று, பிறகு கிளை எம்சிபிகள். ஆர்சிசிபியின் ஆம்பியர் எண், கீழே ஃபீடரில் (கீழிருந்து மாடிக்கு வரும் ஒயர்) உள்ள 25 எம்சிபியைவிடக் குறையாமல் இருந்தால் போதும். 40 என்பது அது தாங்கும் அளவு, விழும் அளவு அல்ல. ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனி 16 ஆம்பியர், 2.5 ஸ்கொயர். இண்டக்‌ஷன், வாஷிங் மெஷின் பாயின்ட்டுகளும் அப்படியே. லைட்டுக்கு 6 அல்லது 10 ஆம்பியர், 1.5 ஸ்கொயர்.

இந்த மூன்று ஆர்சிசிபி வைக்கும்போது ஒயர்மேன்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் நியூட்ரல். ஒவ்வொரு ஆர்சிசிபிக்கும் அதன் நியூட்ரல் லிங்க் தனி. ஆர் ஃபேஸ் ஏசியின் நியூட்ரலை, இடம் இருக்கிறதே என்று பி லிங்கில் முறுக்கினால், ஏசியைப் போட்ட மறுநொடி இரண்டு ஆர்சிசிபியும் விழும். 'பீஸ் ஃபால்ட்' என்று கடைக்குத் திருப்பி அனுப்பப்படும் ஆர்சிசிபிகளில் பல, இப்படி நியூட்ரல் கலந்ததால் விழுந்தவை. இன்வெர்ட்டர் லைனுக்கும் இதே கதைதான். கீழிருந்து இன்வெர்ட்டர் ஃபேஸ் மேலே வருமானால் அதன் நியூட்ரலும் கூடவே தனியாக வர வேண்டும். இன்னொன்று: ஃபீடர் எம்சிபியை இறக்கினாலும் இன்வெர்ட்டர் லைன் மாடியில் உயிரோடு இருக்கும். டிபி மூடியிலேயே அதை எழுதிவையுங்கள்.

ஃபீடரைக் கீழே எங்கிருந்து எடுப்பது? செலக்டருக்குப் பின், கீழ் ஆர்சிசிபிக்கு முன். கீழே உள்ள 30 மில்லிக்குப் பின்னால் எடுத்தால், மேலும் 30 கீழும் 30. மாடியில் கசிந்தால் எது முதலில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது, பெரும்பாலும் இரண்டும் விழும். ஆனால் ஆர்சிசிபிக்கு முன்னால் எடுப்பதில் ஓர் ஓட்டை இருக்கிறது. மேல் டிபி இரும்புப் பெட்டியாக இருந்து, உள்ளே நுழையும் ஒயர் விளிம்பில் உரசி இன்சுலேஷன் போனால், பெட்டியில் ஏறும் மின்சாரத்தை மேலே உள்ள எந்த ஆர்சிசிபியும் பார்க்காது. இதை அடைக்க, கீழே 25 எம்சிபிக்கு அடுத்து 300 மில்லி ஆம்பியர், எஸ் வகை நான்கு போல் ஆர்சிசிபி ஒன்று போடுவது நல்லது. எஸ் வகை சற்றுப் பொறுத்து விழும் என்பதால் மேலே உள்ளதற்கு முதல் வாய்ப்புத் தரும். கிடைக்காவிட்டால் சாதாரண 300ஐப் போடுங்கள்; பெரிய கசிவில் சில சமயம் இரண்டும் சேர்ந்து விழும், அதில் ஆபத்தில்லை. ஒயர் நுழையும் துளைகளுக்கு ரப்பர் புஷ் போடச் சொல்லுங்கள்.

பொருள் கணக்கு: சிவப்பு, மஞ்சள், நீலம், கருப்பு, பச்சை ஐந்து நிறத்திலும் 6 ஸ்கொயர் தலா 24 மீட்டர்; இரண்டு முனையிலும் டிபிக்குள் சுற்றி வர ஒவ்வொரு மீட்டர் வேண்டும். பச்சையை 2.5இல் முடிக்க வேண்டாம், ஃபேஸ் அளவே எர்த்தும். பைப் 25 மிமீ. மேல் டிபியில் நியூட்ரலையும் எர்த்தையும் எந்தக் காரணத்துக்கும் இணைக்கக்கூடாது.

ஒயர் முனைக்கு லக் (உலோக முனை) போட்டு, அழுத்திக் கிரிம்ப் செய்யுங்கள். துளைக்குள் நுழையவில்லை என்று நாலு இழையை வெட்டிவிட்டு மீதியை முறுக்கும் பழக்கம் இருக்கிறது. வெட்டிய இடத்தில் அது 6 ஸ்கொயரே இல்லை. நியூட்ரல் திருகுகளை இரண்டு முறை சோதியுங்கள். மாடி நியூட்ரல் கழன்றால் எம்சிபி ஒன்றும் செய்யாது. ஒரு ஃபேஸில் 2 கிலோவாட் கீசரும் இன்னொரு ஃபேஸில் 100 வாட் டிவியும் மட்டும் ஓடுவதாக வையுங்கள். இரண்டும் 400 வோல்ட்டில் தொடராகிவிடும். கீசரின் தடை 26 ஓம் சில்லறை, டிவியை வெறும் தடையாகக் கணக்கிட்டால் 529 ஓம். 400இல் 381 வோல்ட் டிவியின் தலையில் விழும்.

வேலை நாளில் மெயினை இறக்கினால் மட்டும் போதாது; மெயினின் மேல் டெர்மினல் உயிரோடு இருக்கும். ஈபி கட்அவுட்டில் ஃபியூஸ் கேரியர்களை எடுத்துவிட்டே லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் கை வைக்க வேண்டும். முடிந்ததும் மாடிக் கிளை எம்சிபிகள் அத்தனையும் இறங்கியிருக்க, ஃபீடரை மட்டும் ஏற்றி, மேல் ஐசொலேட்டரில் மீட்டர் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 பக்கம், ஃபேஸுக்கு ஃபேஸ் 400 பக்கம். ஏதாவது ஒரு ஃபேஸ்-நியூட்ரல் அளவு 400 காட்டினால் நியூட்ரலும் ஃபேஸும் எங்கோ மாறியிருக்கிறது. அப்படியே இறக்கிவிடுங்கள், ஒரு பல்பைக்கூடப் போட வேண்டாம். அளவு சரியாக இருந்தால், ஆர்சிசிபி ஒவ்வொன்றின் டெஸ்ட் பட்டனையும் அழுத்தி, விழுகிறதா என்று பாருங்கள்.

குடிவந்த முதல் வாரத்தில் ஒருநாள் காலை ஆறரைக்கு, டாங் டெஸ்டரை (ஒயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கருவி) ஃபீடரின் நான்கு ஒயரிலும் ஒவ்வொன்றாக மாட்டி எழுதிக்கொள்ளுங்கள். 21ஐத் தாண்டினால் எதையோ வேறு ஃபேஸில் மாட்டியிருக்கிறார்கள். எம்சிபி விழுந்து, டெஸ்டரில் 25க்குக் கீழேதான் இருக்கிறது என்றால் டெர்மினல் திருகு தளர்ந்து அந்தச் சூட்டில் விழுகிறது. எம்சிபியை மாற்றும் முன் திருகைப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து எப்படியும் எல்லாத் திருகையும் ஒருமுறை இறுக்க வேண்டும், பல இழை ஒயர் அமுங்கி இடம் விடும்.

ஈபி பில்லில் உங்கள் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று பாருங்கள். பதினைந்து வருடத்துக்கு முன் கீழ்வீட்டுக்கு மட்டும் வாங்கியது மாடியின் 14 கிலோவாட்டைச் சேர்த்தால் போதாது. கூடுதல் லோடுக்கு விண்ணப்பித்துவிட்டு இணைப்புக் கொடுங்கள். பின்னால் மாடியை வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால், இந்த ஃபீடரையே யோசிக்க வேண்டாம், மாடிக்குத் தனி சர்வீஸ் வாங்குங்கள். அப்போதும் மீட்டரிலிருந்து மேல் டிபிக்குப் போகும் ஒயருக்கு இதே 6 ஸ்கொயர், இதே 25 எஃப்பி கணக்குதான்.